பாரிஸா, லிஸ்பனா, வியன்னாவா: பேக்கரிக்காக ஒரு பயணம் என்றால் எது?

ஐரோப்பாவுக்கு ஒரு வாரம் போகிறீர்கள். ஊர் சுற்றுவதோடு உள்ளூர் பேக்கரிப் பண்டங்களையும் ஆசை தீரச் சாப்பிட வேண்டும் என்று நினைத்தால், பேச்சு கடைசியில் மூன்று நகரங்களில் வந்து நிற்கும். வெண்ணெய் அடுக்குகள் கொண்ட குரோசானுக்குப் பாரிஸ், முட்டைக் கஸ்டர்ட் நிரப்பிய நாட்டாவுக்கு லிஸ்பன், சாக்லேட் பூச்சுப் பூசிய ஸாஹர் கேக்குக்கும், மெல்லிய மாவில் ஆப்பிளைச் சுருட்டிச் சுடும் ஸ்ட்ரூடலுக்கும் வியன்னா. ஒரு வாரத்தில் மூன்றையும் அடைத்தால் பாதி நேரம் விமான நிலையங்களில்தான் போகும். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடையின் வயதையும் நட்சத்திர மதிப்பீட்டையும் வைத்து முடிவு செய்தால் மூன்றுமே சமமாகத்தான் தெரியும். அடுப்பிலிருந்து இறங்கிய பிறகு அந்தப் பண்டம் எவ்வளவு நேரம் தாங்கும் என்று பாருங்கள். நாட்டா இரண்டு மணி நேரம். காலையில் சுட்ட குரோசான் மதியத்துக்குள் தளர்ந்துவிடும். ஸாஹர் கேக் இரண்டு வாரத்துக்கும் மேல் இருக்கும். எத்தனை மணிக்கு எழ வேண்டும், எந்தப் பகுதியில் தங்க வேண்டும், கூட வரும் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒத்துவருமா என்பதெல்லாம் இதிலிருந்தே தெரிந்துவிடும்.

லிஸ்பன்: நாள் முழுக்க அடுப்பு எரியும் ஊர்

நாட்டா சின்னதுதான். நாலைந்து கடியில் முடிந்துவிடும். அதற்குள் நடக்கும் வேலை பெரிது. அடுக்கு மாவை விரித்து, இறுக்கமாகச் சுருட்டி, துண்டு போடுவார்கள். ஒவ்வொரு துண்டையும் சிறு உலோகக் கிண்ணத்தில் நிறுத்தி, தண்ணீரில் நனைத்த கட்டை விரலால் நடுவில் அழுத்தி, விளிம்பு வரை ஏற்றுவார்கள். அதனால்தான் நல்ல நாட்டாவைத் திருப்பிப் பார்த்தால் அடியில் சுருள் கோடுகள் தெரியும். நிரப்புவது பாலும் மாவும் சேர்த்துக் காய்ச்சியதில், பட்டையும் எலுமிச்சைத் தோலும் போட்ட சர்க்கரைப் பாகைக் கலந்து, பிறகு மஞ்சள் கரு சேர்த்தது. 250 டிகிரிக்கும் மேலான சூட்டில் சட்டென்று சுட்டு எடுப்பார்கள். சில கடைகளின் அடுப்பு 300-ஐயும் தாண்டும். சாதாரணக் கஸ்டர்ட் இந்தச் சூட்டில் திரிந்துபோகும். கரு திரியாமல் பிடித்து வைப்பது அந்தக் கொஞ்சம் மாவுதான். மேலே தெரியும் கறுப்புத் திட்டுகள் சர்க்கரை கருகியதன் அடையாளம். அவை இருக்க வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை நாலு. கஸ்டர்டின் நடுப்பகுதி லேசாகத் தாழ்ந்திருக்க வேண்டும். உப்பியே நின்று, மேல்பரப்பு மங்கலாக இருந்தால் அதிகம் வெந்துவிட்டது, உள்ளே மணல் மணலாக இருக்கும். அசைத்தால் ததும்ப வேண்டும். அடி நல்ல பழுப்பாக இருக்க வேண்டும். வெளிறிய அடி என்றால் சூடு போதவில்லை. நாலாவது, அது கண்ணாடிக் குளிர்ப்பெட்டிக்குள் இருந்தால் வாங்காதீர்கள். கஸ்டர்டின் ஈரம் மாவு ஓட்டுக்குள் இறங்கி, கடித்தால் ரப்பர் மாதிரி இழுக்கும்.

லிஸ்பனுக்குள்ளேயே ஒரு தேர்வு இருக்கிறது. புகழ்பெற்றது பெலேம் பகுதியில் ஜெரோனிமோஸ் மடாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ‘பாஸ்டெய்ஷ் டி பெலேம்’. போர்ச்சுகலில் 1834-இல் மடங்கள் மூடப்பட்டன. அந்த மடாலயத்தின் செய்முறையோடு 1837-இல் தொடங்கிய கடை இது. கலவையை இன்றும் பூட்டிய அறைக்குள் ஒருசிலர் மட்டுமே தயாரிக்கிறார்கள். ஓடு மெல்லியது, நன்றாக நொறுங்கும், லேசான உப்புச் சுவை உண்டு. கஸ்டர்டில் இனிப்பு குறைவு. இன்னொன்று ‘மன்டெய்கரியா’. 2014-இல் ஷியாடோ பகுதியில் ஒரு பழைய வெண்ணெய்க் கடை இருந்த இடத்தில் தொடங்கியது. உட்கார இடம் கிடையாது, நின்றபடிதான் சாப்பிட வேண்டும். ஒவ்வொரு தட்டு அடுப்பிலிருந்து வரும்போதும் மணி அடிப்பார்கள். கஸ்டர்ட் குழைவானது, வெண்ணெய் மணம் தூக்கலாக இருக்கும். கைஸ் டோ சொட்ரே ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள டைம் அவுட் சந்தையிலும் ஒரு கிளை உண்டு.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் மன்டெய்கரியா போதும். மணி அடித்ததும் வாங்கினால் நீங்கள் சாப்பிடுவது சில நிமிடத்துக்கு முன் இறங்கியதாக இருக்கும். ஒரு நாட்டாவின் ருசியில் முக்கால் பங்கு அந்த நிமிடங்கள்தான். பெலேமுக்கு மடாலயத்தைப் பார்க்க எப்படியும் போவீர்கள். கைஸ் டோ சொட்ரேவிலிருந்து காஷ்காய்ஷ் போகும் ரயிலில் பத்து நிமிடத்துக்குள் பெலேம் வந்துவிடும். 15 எண் டிராமும் போகும், ஆனால் நெரிசல் அதிகம். மடாலயத்துக்குத் திங்கள்கிழமை விடுமுறை. அன்று போனால் கடை மட்டும்தான். வாசலில் நீண்டு நிற்பது பெரும்பாலும் பார்சல் வரிசை. உள்ளே அறை அறையாக உட்கார்ந்து சாப்பிட நிறைய இடம் இருக்கிறது, அதற்கான வரிசை வேகமாக நகரும். மேசையிலேயே பட்டைத் தூளும் பொடித்த சர்க்கரையும் இருக்கும். முதல் நாட்டாவை எதுவும் தூவாமல் சாப்பிடுங்கள், இரண்டாவதில் பட்டைத் தூள் மட்டும் தூவுங்கள். பொடித்த சர்க்கரை எங்களுக்குத் தேவையாகத் தோன்றியதில்லை.

இந்த இரண்டு பெயர்களோடு நிறுத்திவிட்டால் லிஸ்பனின் பலமே கைநழுவிவிடும். தெருவுக்குத் தெரு இருக்கும் ‘பாஸ்டெலாரியா’ என்ற பேக்கரிக் கடைகளில் காலை முதல் சாயங்காலம் வரை ஏதாவது ஒன்று சூடாக வந்துகொண்டே இருக்கும். மேலே தேங்காய்த் துருவல் போட்டுச் சுட்ட ‘பாவ் டி டியூஷ்’ பன் நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். விலையும் தாங்கக்கூடியது. நாட்டா பெரும்பாலான கடைகளில் ஒன்றரை யூரோவை ஒட்டியே இருக்கும். கவுண்டரில் நின்று சாப்பிட்டால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் கொஞ்சம் கூட, வெளியே திண்ணையில் என்றால் அதற்கும் மேல் என்று வைத்திருக்கும் கடைகள் உண்டு. விலைப்பலகையைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங்கில் இருப்பவர்கள் ‘இதை இங்கேயே சாப்பிட்டாச்சே’ என்று நினைக்கலாம். அங்கே பரவலாகக் கிடைப்பது பெரும்பாலும் மக்காவ் வகை. ஆண்ட்ரூ ஸ்டோ என்ற ஆங்கிலேயர் 1989-இல் மக்காவின் கொலோவான் பகுதியில் தொடங்கிய கடையிலிருந்து பரவியது அது. கஸ்டர்ட் ஆங்கிலேயப் பாணியில் இருக்கும். லிஸ்பனின் பட்டை மணமும் பாகின் ஆழமும் அதில் கிடையாது.

பாரிஸ்: விடியற்காலை எழுபவர்களுக்கு

பாரிஸில் கிடைக்கும் வகைகள் வேறெங்கும் இல்லை. ஆனால் ஏமாற வாய்ப்பு அதிகம் இருப்பதும் இங்கேதான். பிரான்சில் 1998-இல் வந்த சட்டப்படி, மாவு பிசைவதிலிருந்து சுடுவது வரை ரொட்டி வேலை முழுவதையும் செய்பவர்தான் கடைக்கு ‘பூலாஞ்சரி’ (ரொட்டிக் கடை) என்று பெயர் வைக்கலாம். பயணிகள் பலரும் அந்தப் பலகையைப் பார்த்து நம்பிப் போகிறார்கள். அந்தச் சட்டம் ரொட்டிக்கு மட்டும்தான். அதே கடை தொழிற்சாலையிலிருந்து உறைந்த குரோசானை வாங்கி, காலையில் சூடாக்கி விற்கத் தடை எதுவும் இல்லை. அப்படி விற்கும் கடைகளும் நிறைய.

‘பட்டர் குரோசான்’ என்ற பலகையும் கொழுப்பு வெண்ணெய்தான் என்பதற்கே உத்தரவாதம். கையால் செய்ததா என்பதை அது சொல்லாது. வெண்ணெய் குரோசான் பொதுவாக நேராகவும், மார்கரின் குரோசான் பிறை போல வளைந்தும் இருக்கும். நம்மூர் பேக்கரி பஃப்ஸ் சாப்பிட்ட பிறகு மேலண்ணத்தில் ஒரு மெழுகுப் படலம் ஒட்டுமே, மார்கரின் குரோசானிலும் அதேதான். வெண்ணெய் உடல் சூட்டில் உருகி இறங்கிவிடும். பஃப்ஸில் போடும் கொழுப்பு உருக அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும்.

கையால் செய்ததை அடையாளம் காண சில வழிகள். தட்டில் இருக்கும் குரோசான்கள் எல்லாம் அச்சில் வார்த்தது போல ஒரே அளவில் இருந்தால் சந்தேகப்படுங்கள். சின்னக் கடையில் முப்பது வகை கேக்கும் பன்னும் அடுக்கியிருந்தால் பாதி வெளியிலிருந்து வந்ததாக இருக்கும். காலை பதினொன்றுக்கு ‘தீர்ந்துவிட்டது’ என்கிற கடை நல்ல கடை. கேட்பதிலும் தப்பில்லை. ‘வூ லே ஃபெத் இசி?’ என்றால் ‘இங்கேயே செய்கிறீர்களா?’ என்று பொருள். இங்கேயே செய்பவர் பதிலைப் பெருமையோடு சொல்வார். அதற்கு முன்னால் ‘போன்ஜூர்’ சொல்ல மறக்க வேண்டாம். அதைச் சொல்லாமல் நேரே கேட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள்.

வாங்கியதைப் பிய்த்துப் பாருங்கள். மாவுக்குள் வெண்ணெயை வைத்து மூன்று முறை மூன்றாக மடிப்பது வழக்கமான கணக்கு, அதாவது 27 வெண்ணெய் அடுக்கு. பிய்த்தால் உள்ளே பெரிய கண்களோடு தேன்கூடு போலத் தெரிய வேண்டும். பன் மாதிரி அடைசலாக இருந்தால், மாவை உப்பவிட்ட அறையில் சூடு 28 டிகிரியைத் தாண்டி, வெண்ணெய் உருகி மாவோடு கலந்துவிட்டது என்று பொருள். அப்போது அடியில் எண்ணெய்ப் பசையும் இருக்கும். நடுவில் பசைபோல ஒரு கோடு தெரிந்தால் வேகவில்லை. மேல்நிறம் பொன்மஞ்சளைத் தாண்டி நல்ல பழுப்புக்குப் போயிருக்க வேண்டும். வெளிறியதைப் பார்த்து ‘மென்மையாக இருக்கும்’ என்று எடுப்பவர்கள் வெண்ணெய் வறுபட்ட மணத்தை இழக்கிறார்கள்.

காலை ஏழு முதல் ஒன்பதரை வரைதான் குரோசானின் நேரம். பாரிஸ் பயணத்தை அதற்கேற்றபடி அமைக்க வேண்டும். தங்குமிடம் ஈஃபில் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருப்பதைவிட, குடியிருப்புகள் நிறைந்த 10, 11, 20-ஆம் வட்டங்களில் (நகரத்தை எண்ணிட்டுப் பிரித்த பகுதிகள்) இருப்பது நல்லது. நடை தூரத்தில் நாலைந்து கடைகள் இருக்கும். கடைகள் வாரத்தில் ஒன்றோ இரண்டோ நாள் மூடும், அது கடைக்குக் கடை மாறும். 10-ஆம் வட்டத்தில், சேன் மார்த்தான் கால்வாய்க்கு அருகே உள்ள ‘து பான் எ தேசிதே’ சனி, ஞாயிறு இரண்டு நாளும் மூடல். அங்கே பிஸ்தாவும் சாக்லேட்டும் வைத்துச் சுருட்டிய நத்தை வடிவப் பன் தனிச்சிறப்பு. குரோசானைவிட ஈரம் அதிகம் என்பதால் மதியம் வரைகூட நன்றாக இருக்கும். ஆகஸ்ட் மாதத்தில் நல்ல கடைகள் பலவும் வாரக்கணக்கில் விடுமுறை விடும். பேக்கரிக்காகப் போவதென்றால் அந்த மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

20-ஆம் வட்டத்தில் ‘ஓ லெவான் தே பிரெனே’ கடையைப் பற்றித் தமிழர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா 2023-இல் பாரிஸின் சிறந்த பகெட் (நீளக் குச்சி ரொட்டி) போட்டியில் முதல் பரிசு வாங்கியது இங்கிருந்துதான். வெற்றி பெறுபவரின் ரொட்டி ஒரு வருடம் பிரெஞ்சு அதிபர் மாளிகைக்குப் போகும். முட்டை சாப்பிடாதவர்களுக்குப் பாரிஸில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடியதும் இந்த ‘ட்ரடிசியோன்’ பகெட்தான். 1993-இல் வந்த அரசாணைப்படி அதில் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவு, இவற்றோடு பயறு மாவு போன்ற ஓரிரண்டு பொருள் மிகக் குறைந்த அளவில், அவ்வளவுதான் இருக்கலாம்.

வியன்னா: உட்கார்ந்து சாப்பிடும் ஊர்

வியன்னாவில் அவசரமே இல்லை. பண்டத்துக்கும் இல்லை, பரிமாறுபவருக்கும் இல்லை. ஒரு காபியோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். தண்ணீர் தனியாக ஒரு கிளாஸில் வரும். மாலை மூன்றிலிருந்து ஐந்துதான் நல்ல நேரம் என்பதால் காலை முழுவதும் அரண்மனைகளுக்கு ஒதுக்கலாம். முழங்கால் வலியுள்ள பெரியவர்களை அழைத்துப்போனால் மூன்று நகரங்களில் இதுதான் தோது.

ஸாஹர் கேக்கை 1832-இல் ஃபிரான்ஸ் ஸாஹர், ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக் வீட்டு விருந்துக்குச் செய்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. பின்னாளில் ஸாஹர் ஹோட்டலும் டேமல் கடையும் ‘அசல்’ என்ற பெயருக்காக வழக்காடி, 1960-களில்தான் முடிவுக்கு வந்தார்கள். ஹோட்டல் கேக்கில் ஆப்ரிகாட் ஜாம் நடுவில் ஒன்று, சாக்லேட் பூச்சுக்கு அடியில் ஒன்று என இரண்டு அடுக்கு. டேமலில் பூச்சுக்கு அடியில் மட்டும். பலரும் ‘வறட்சியாக இருக்கிறது’ என்று குறைப்படுகிறார்கள். அந்த கேக் அப்படித்தான் இருக்கும். கூட வைக்கும் சர்க்கரை சேர்க்காத அடித்த கிரீமையும் ஒவ்வொரு துண்டோடும் சேர்த்தே எடுக்க வேண்டும். கிரீமை ஒதுக்கிவைப்பவர்களுக்குத்தான் வறட்சி. ஒரு துண்டின் விலை ஹோட்டலில் எட்டு யூரோவைத் தாண்டும். இரண்டு பேருக்கு ஒன்று போதும்.

எங்கள் கணக்கில் வியன்னாவுக்குப் போக உண்மையான காரணம் ஸ்ட்ரூடல். மேசை மேல் துணி விரித்து, மாவைப் புறங்கையால் இழுத்து இழுத்து, அடியில் இருக்கும் துணியின் பூ வேலை தெரியும் அளவுக்கு மெல்லிதாக்குவார்கள். உள்ளே ஆப்பிள், பட்டை, உலர்திராட்சை, வெண்ணெயில் வறுத்த ரொட்டித் தூள். அந்தத் தூள்தான் ஆப்பிளின் சாற்றைக் குடித்துக்கொண்டு மாவை நனையாமல் காக்கிறது. மைக்ரோவேவில் சூடாக்கித் தரும் இடங்களில் மாவு தோல் போல இழுக்கும். வனிலா சாஸில் மிதக்கவிட்டுத் தந்தாலும் அடிப்பகுதி ஊறிவிடும், சாஸைத் தனியாகக் கேளுங்கள். மென்மையான பாலாடைக்கட்டி நிரப்பிய டோப்ஃபன் ஸ்ட்ரூடலும் உண்டு, அதைச் சூடாகத்தான் சாப்பிட வேண்டும்.

குரோசானின் மூதாதை வியன்னாவின் கிப்ஃபர்ல் என்ற பிறை வடிவ ரொட்டி என்பது பலருக்குத் தெரியாது. 1830-களின் இறுதியில் ஆகஸ்ட் ஸாங் என்ற ஆஸ்திரியர் பாரிஸில் வியன்னா பாணிப் பேக்கரி திறந்த பிறகுதான் அந்தப் பிறை வடிவம் அங்கே பரவியது. துருக்கிப் படை வியன்னாவை முற்றுகையிட்டதோடு அதை முடிச்சுப்போடும் கதைக்கு ஆதாரம் இல்லை.

முட்டை, கொழுப்பு, மது

வாங்குமுன் இவற்றைப் பாருங்கள். வழக்கமான நாட்டாவில் மஞ்சள் கரு இல்லாமல் எதுவும் இல்லை. போர்ச்சுகலின் மடங்களில் வெள்ளைக்கருவைத் துணிக்குக் கஞ்சி போடப் பயன்படுத்தியதால் மிஞ்சிய மஞ்சள் கருவிலிருந்து வளர்ந்த மரபு அது. அங்கே சில பழைய இனிப்புகளில் பன்றிக் கொழுப்பும் சேரும், ‘டோசின்யு டு சேயு’ அப்படி ஒன்று. குரோசான் மாவில் பெரும்பாலும் முட்டை இருக்காது, ஆனால் பளபளப்புக்கு மேலே முட்டை தடவுவார்கள். பாரிஸின் கண்ணாடி போல மின்னும் மூஸ் கேக்குகளில் ஜெலட்டின் இருக்கும், அது பன்றியிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம். ஸ்ட்ரூடல் மாவு பல இடங்களில் முட்டையில்லாமல் மாவு, தண்ணீர், எண்ணெயோடு முடிந்துவிடும். உலர்திராட்சையை ரம்மில் ஊறவைத்தார்களா என்று மட்டும் கேளுங்கள். வியன்னாவின் இளஞ்சிவப்புப் பூச்சுப் பூசிய பன்ச் கிராஃப்பன் கேக்கிலும், பாரிஸின் பாகில் ஊறிய பாபா கேக்கிலும் ரம் உறுதி. முட்டை அறவே ஆகாதவர்களுக்கு மூன்றில் வியன்னா ஓரளவு வழிவிடும், லிஸ்பன் விடாது.

ஆக, யாருக்கு எது

முதல் முறை போகிறவர்கள், குழந்தைகளோடு போகிறவர்கள், காலையில் எட்டு மணிக்கு முன் எழ முடியாதவர்கள், கையில் காசைப் பார்த்துச் செலவழிப்பவர்கள் லிஸ்பனுக்குப் போங்கள். ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் எங்கள் வாக்கும் அதற்கே. பிற்பகல் மூன்று மணிக்குப் பாரிஸின் மிகச் சிறந்த கடையில் கிடைக்கும் குரோசானைவிட, அதே மூன்று மணிக்கு லிஸ்பனின் சுமாரான கடையில் சூடாக இறங்கும் நாட்டா நன்றாக இருக்கும். பேக்கரி வேலை தெரிந்தவர்கள், வீட்டில் மாவு மடித்துப் பார்த்தவர்கள், ஆறரைக்கு அலாரம் வைக்கத் தயங்காதவர்கள் பாரிஸுக்கு. குளிர்காலப் பயணம், பெரியவர்கள், நிதானம் என்றால் வியன்னா. அதுவும் ஜனவரி, பிப்ரவரி என்றால் ஆப்ரிகாட் ஜாம் வைத்துப் பொரித்த கிராஃப்பன் பன் அங்கே எல்லாக் கடையிலும் இருக்கும். அதே ஜனவரியில் பாரிஸில் பாதாம் விழுது வைத்த ‘கலெத்’ விற்பார்கள். அதற்குள் பீங்கான் பொம்மை ஒன்று ஒளிந்திருக்கும், குழந்தைகளை மெல்லக் கடிக்கச் சொல்லுங்கள்.

எந்த ஊராக இருந்தாலும் முதலில் ஒன்று வாங்கி, கடை வாசலிலேயே சாப்பிட்டுப் பார்த்துவிட்டு மற்றதை வாங்குங்கள். ஆறு போட்ட பெட்டியை எடுத்தவுடனே வாங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. சூடான நாட்டாவை மூடிய பெட்டியில் வைத்தால் அதன் ஆவியே ஓட்டை நனைத்துவிடும், மூடியைத் திறந்தே எடுத்துப் போங்கள். அறையில் மிச்சமிருந்தால் மைக்ரோவேவ் வேண்டாம். சமையலறை உள்ள வாடகை வீடாக இருந்தால் ஓவனில், நாட்டாவுக்கு 200 டிகிரியில் நாலைந்து நிமிடம், குரோசானுக்கு 170-இல் அதே நேரம்.

ஊருக்கு வாங்கி வர ஸாஹர் கேக் ஒன்றுதான் சரிவரும். மரப்பெட்டியில் தருவார்கள், விமானத்தில் கைப்பையில் வையுங்கள். வீட்டுக்கு வந்து குளிர்ப்பெட்டியில் வைத்தால், வெளியே எடுக்கும்போது பூச்சு வியர்த்துப் பிசுபிசுக்கும். சென்னை வெயிலில் வெளியேயும் வைக்க முடியாது என்பதால் ஏசி அறையில் வைத்து, வந்த ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். லிஸ்பனிலிருந்து வருகிறவர்கள் நாட்டாவை விட்டுவிட்டு, ரொஸ்ஸியூ நிலையத்திலிருந்து நாற்பது நிமிட ரயிலில் இருக்கும் சின்ட்ராவில் ‘கெய்ஜாடா’ வாங்கலாம். பாலாடைக்கட்டியும் பட்டையும் வைத்து, கெட்டியான மெல்லிய ஓட்டில் சுட்டது. சில நாள் தாங்கும்.